எந்த ஈயம்?

தண்ணீரில் உலோகம் தேடும் புது மெம்பரேன் வந்து சேர்ந்துவிட்டதாகத் தேன்மொழி போனில் சொன்னாள். பெட்டியைப் பிரித்து ஆளாளுக்குக் கையில் எடுத்துப் பார்க்கிறீர்களாம். முதலில் அதைக் கீழே வையுங்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் அது கெட்டுப்போகும். பெட்டியின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். பெட்டியின் மேல் இருப்பதை யார் படிக்கிறார்கள்?

வேங்கிக்காலில் உங்கள் ஆய்வகம் இரண்டே அறையாக இருந்த காலத்திலிருந்து தண்ணீர் சோதித்து, அங்கேயே ஓய்வு பெற்றவள் நான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை பேச வாருங்கள் என்று கூப்பிட்டீர்கள். மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதியே தருகிறேன், டீ குடிக்கும்போது படித்துக்கொள்ளுங்கள். மெம்பரேனை எப்படிக் கழுவுவது, எதில் ஊற வைப்பது என்பதையெல்லாம் தேன்மொழி என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவாள். அது சொன்ன பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

கருவி என்றால் நம் ஜனங்களுக்கு ஒரு பயபக்தி. ரமணாசிரமம் பக்கம் விடுதி நடத்திய ஒருவர் ஒரு கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதுல வைப்ரேஷன் எவ்ளோ இருக்குனு பாத்துச் சொல்லுங்க மேடம், தங்க வர்றவங்க கேக்கறாங்க" என்றார். உப்பு அதிகம் என்று எழுதிக் கொடுத்தேன். மனிதர் முகம் சுண்டிப்போய்விட்டது. கருவியிடம் எதைக் கேட்டாலும் பதில் வரும் என்று நினைப்பவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. படித்துவிட்டு வந்த நாமும் பல நாள் அப்படித்தான் நினைக்கிறோம்.

கன உலோகங்களைத் தேடும் மெம்பரேன், தண்ணீரில் கரைந்திருக்கும் பலவற்றில் தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிடித்ததற்கு ஏற்ப மின்னழுத்தம் மாறும், அதை மீட்டரில் படிக்கிறோம். கலங்கிய நீரிலும், நிறம் போட்ட பானத்திலும்கூட வேலை செய்யும் என்பது அதன் பெருமை. ஆனால் கல்யாண மண்டப வாசலில் நிறுத்திவைத்த சித்தப்பாவைப் போன்றது அது. பெண் வீட்டுச் சொந்தத்தை அடையாளம் கண்டு உள்ளே விடுவார். அதே முகச்சாயலில் வேறு யாராவது கூட்டமாக வந்துவிட்டால் அவர்களையும் வணக்கம் சொல்லி உள்ளே விட்டுவிடுவார். அவர் மேல் குற்றமில்லை. யார் யார் வரக்கூடும் என்று நாம்தான் முன்கூட்டி யோசித்திருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, கார்த்திகை தீபத்துக்கு முந்திய பௌர்ணமி. கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தல்களில் கொடுக்கும் தண்ணீரையும் பானங்களையும் சோதிக்கும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. காரீயத்துக்கான முதல் மெம்பரேன் அப்போதுதான் எங்களிடம் வந்திருந்தது. புதுப் புடவை வாங்கியவள் கட்டாமல் இருப்பாளா? தேன்மொழி அன்று காலையே பந்தல் பந்தலாகப் போய் மாதிரி எடுத்து வந்துவிட்டாள். அவள் அப்போதே பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள், கை சுத்தமானவள்.

அடி அண்ணாமலையில் கோதண்டம் என்ற விவசாயி ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பந்தல் போட்டுப் பானகம் கொடுப்பார். வெல்லமும் எலுமிச்சையும் சுக்கும் போட்ட பானகம். அதைக் கலக்குவதற்கென்றே அவர் வீட்டில் ஒரு பெரிய பித்தளை அண்டா இருந்தது. அந்தப் பானகத்தில் மெம்பரேனை வைத்ததும் மீட்டர் எகிறிவிட்டது. தேன்மொழி உடனே கோதண்டத்துக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சார், பானகத்துல ஈயம் ஜாஸ்தியா காட்டுதுங்க. யாருக்கும் குடுக்காதீங்க, நிறுத்தி வைங்க."

சரியான காரியம்தான். சந்தேகம் வந்தால் முதலில் நிறுத்து, பிறகு ஆராய்ச்சி செய். கோதண்டமும் நல்ல மனிதர், மறுபேச்சுப் பேசாமல் நிறுத்திவிட்டார். ஆனால் ஒரு மணி நேரம் ஆவதற்குள் தேன்மொழியின் போனுக்கு ஒரு வாட்ஸப் செய்தி வந்தது. யாரோ அனுப்பி, யாரோ அனுப்பி, எங்களுக்கே வந்து சேர்ந்தது. அன்னதான அண்டாவில் விஷம் என்றும், ஈயம் பூசிய பாயின் கைவரிசை என்றும் போட்டு, அண்டாவின் படமும் இருந்தது.

"நான் யார் பேரையுமே சொல்லலையே மேடம்!" என்றாள் தேன்மொழி. அவள் முகம் வெளுத்திருந்தது.

அவள் சொல்லவில்லைதான். சொன்னது அந்தச் சொல். பித்தளைப் பாத்திரத்தில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும், அதற்காக உள்ளே வெள்ளையாக ஈயம் பூசுவார்கள். அது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அதுவேதான், உடம்புக்குக் கெடுதல் இல்லை. எங்கள் மெம்பரேன் தேடுவது காரீயம், பேட்டரியில் இருக்கும் சமாச்சாரம், குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. இரண்டும் வேறு வேறு உலோகம். பேச்சில் மட்டும் இரண்டுக்கும் ஈயம் என்று ஒரே பெயர் வைத்துக்கொண்டு காலம் காலமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஆய்வகத்துக்குள் ஈயம் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம். கோதண்டம் வீட்டில் ஈயம் என்றால் அவருக்கும் ஒரே அர்த்தம், அதைப் பூசிய ஆள் யார் என்பதும் தெரியும்.

அந்த ஆள் கரீம் பாய். டவுனில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். ஹோட்டல், கல்யாண மண்டபம், பந்தல் என்று எல்லா இடத்திலிருந்தும் அவருக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். ஒரு போனில் பேசும்போதே இன்னொரு போன் அடிக்கும். தீபத்துக்கு முந்திய மாதம் முழுக்க அவரைப் பிடிக்கவே முடியாது. அந்த மாத வேலைதான் அவருக்கு வருடத்துச் சோறு. விஷம் வைத்த ஆள் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் எந்த அடுப்படி வாசலில் அவரை ஏற விடுவார்கள்? அதுவும் கோயில் ஊரில், பௌர்ணமி அன்று, ஒரு பாய் பெயரில். இருவரும் ஜீப்பில் ஏறிக் கிளம்பினோம்.

பந்தலில் நல்ல கூட்டம். பானகத்தைச் சாய்த்துவிட்டிருந்தார்கள், அண்டாவின் அடியில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அண்டாவுக்கு இந்தப் பக்கம் கோதண்டம், அந்தப் பக்கம் கரீம் பாய், சுற்றிலும் போனைத் தூக்கிப் பிடித்த கைகள்.

"பாய், எனக்கு உங்க மேல சந்தேகம் இல்ல. ஜனங்க கேக்கறாங்க, நான் இன்னா பதில் சொல்றது?" என்றார் கோதண்டம். கையில் பந்தலின் மைக் இருந்தது. அதில் ஏற்கெனவே ஒரு முறை பாயின் பெயரைச் சொல்லி, ஈயத்தில் கோளாறு என்று அறிவித்துவிட்டாராம்.

"அதான் மெஷினே சொல்லிடுச்சே" என்றது ஒரு குரல்.

பாய் என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்து முன்னால் வந்தார். "மேடம், நீங்களே சொல்லுங்க. ஈயம் பூசின பாத்திரத்துல ஈயம் இல்லாம வேற இன்னா இருக்கும்?"

சிரிக்க வேண்டிய கேள்வி. யாரும் சிரிக்கவில்லை, எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவரிடம் நான் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். பாயை எனக்குப் பிடிக்கும். என் வீட்டுப் பாத்திரமும் அவர் கை பட்டதுதான். அவர் நிரபராதி என்று என் மனசு அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டது. ஆனால் விலை குறைவு என்று வெள்ளீயத்தில் காரீயம் கலந்து பூசுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். என் மனசு ஒன்றும் சோதனைக் கருவி இல்லை. அவரைப் பந்தலுக்குப் பின்னால் தனியாக அழைத்துப் போனேன்.

"பாய், நீங்க பூசின ஈயத்துல காரீயம் ஏதாவது கலந்திருக்கா?"

அவர் என்னையே பார்த்தார். "நீங்களும் அதையே கேக்கறீங்களா மேடம்?"

அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டது சரி. "இப்ப நான் கேக்காம விட்டா, நாளைக்கு உங்களுக்காக எது சொன்னாலும் தெரிஞ்சவருக்காகப் பேசறாங்கனு தள்ளிடுவாங்க பாய். நீங்க பூசற ஈயம் கொஞ்சம் குடுங்க, சோதிச்சுப் பாக்கறேன்."

அவர் தன் பைக் பக்கம் போனார். அதிலிருந்த பெட்டியைத் திறந்து முழு ஈயக் கட்டியையும் எடுத்து என் கையில் வைத்தார். "கொஞ்சம் எதுக்கு? முழுசா எடுத்துட்டுப் போங்க." குரலில் கோபம் இருந்தது. இருக்கட்டும், கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது.

திரும்பி வந்து அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய உட்புறம் திட்டுத் திட்டாக மஞ்சளாக மின்னியது. "நல்லா தேய்ச்சிருக்கீங்க போல" என்றேன்.

அங்கே தொண்டு செய்துகொண்டிருந்த ஒரு பெண்மணிக்குச் சந்தோஷம். "ஆமா மேடம், நேத்து கம்பி நாரு போட்டு மூணு பேர் தேச்சோம். சாமிக்குக் குடுக்கறதாச்சே, உள்ளயும் பளபளனு இருக்க வேணாமா?"

பக்தியோடு தேய்த்ததில் பூச்சே போய்விட்டிருந்தது. செம்பு கலந்த வெறும் பித்தளையில் எலுமிச்சைப் பானகம் விடியற்காலையிலிருந்து நின்றிருக்கிறது. மிச்சம் இருந்ததில் செம்பு காட்டும் காகிதப் பட்டையை நனைத்தேன், நனைத்த மாத்திரத்தில் நிறம் மாறியது. தேன்மொழி என் முகத்தைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். செம்பு அதிகமானால் காரீய மெம்பரேன் ஏமாறும். மண்டப வாசல் சித்தப்பா சாயல் பார்த்து உள்ளே விட்டிருக்கலாம்.

இருக்கலாம், அவ்வளவுதான். பித்தளையிலேயே காரீயம் கலந்திருப்பதும் உண்டு, பூச்சிலும் கலந்திருக்கலாம். செம்பு இருக்கிறது என்பதால் காரீயம் இல்லை என்று ஆகிவிடாது. பாய் என் முகத்தில் எதையோ படித்துவிட்டார். "இன்னா மேடம், இன்னா தெரியுது?" என்றார். அவரிடம் அந்த ஊகத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அன்று அவர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். மறுநாள் அது பொய்த்துப் போயிருந்தால் அவர் இரண்டு முறை விழுந்திருப்பார், இரண்டாவது முறை நானே தள்ளிவிட்டதாக ஆகியிருக்கும். ஊகத்தை ஆறுதலாகக் கொடுக்கக் கூடாது. "நாளைக்கு உங்க கடைக்கு நானே வர்றேன் பாய். நல்லதோ கெட்டதோ, மொதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்" என்று மட்டும் சொன்னேன்.

கூட்டம் அதற்குள் பொறுமை இழந்துவிட்டது. கோதண்டம் மைக்கை என்னிடம் நீட்டினார். "மேடம், அண்டால ஈயம் இல்லைனு ஒரு வார்த்த சொல்லிடுங்க, பிரச்சனை முடிஞ்சிரும்."

எப்படிச் சொல்வது? அண்டாவில் ஈயம் இருக்கிறது, பூசியிருக்கிறார்களே. இருக்கிறது என்றால் ஒரு மனிதன் ஒழிந்தான். இல்லை என்றால் பொய், நாளைக்கு அதே பொய்யைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. மெம்பரேன் ஏமாந்ததா இல்லையா என்பது பிறகு. அதற்கு முன்பே நம்முடைய சொல் ஏமாற்றிவிட்டது. மைக்கை வாங்கினேன்.

"மிச்சம் இருக்கற பானகத்த யாரும் குடிக்காதீங்க. இதுல ஏதோ சரியில்ல, அது நிஜம். ஆனா ஈயம்னு நாங்க சொன்னது வேற, நீங்க கேட்டது வேற. ஈயத்துல ரெண்டு இருக்கு. பாத்திரத்துக்குப் பூசறது வெள்ளீயம், அது விஷம் இல்ல. நாங்க தேடறது காரீயம், அது விஷம். இதுல காரீயம் இருக்கா இல்லையானு இப்ப எனக்குத் தெரியாது. நாளைக்குத்தான் தெரியும். எனக்கே தெரியாதது உங்களுக்கும் தெரியாது. அதுவரைக்கும் யார் பேரையும் சொல்லாதீங்க."

"பாய்க்கு சப்போர்ட்டா மேடம்?" என்றான் போனைத் தூக்கிப் பிடித்திருந்த ஒருவன், முதலில் கேட்ட அதே குரல்.

"இல்லப்பா, மெஷினுக்கு சப்போர்ட். நீதான மெஷின் சொல்லிடுச்சுனு சொன்ன? அது முழுசா சொல்லி முடிக்கட்டும்."

அதற்குச் சிலர் சிரித்தார்கள். சிரிப்பு வந்த கூட்டம் மெல்லக் கலையும் என்பது அன்று நான் தெரிந்துகொண்டது. எனக்குத் தெரியாது என்று மைக்கில் சொல்வது அவமானம் என்று நினைத்திருந்தேன். அன்று அந்தக் கூட்டத்தை நிறுத்தி வைத்தது அந்த வார்த்தைதான்.

ஆய்வகத்தில் தேன்மொழி மாதிரியில் இருந்த செம்பை ஒரு ரசாயனம் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டு, மெம்பரேனிடம் மறுபடி கேட்டாள். மீட்டர் சாதுவாக இறங்கிவிட்டது. அதோடு விடாமல் பானகத்தையும் பாய் கொடுத்த கட்டியையும் வேலூரில் ஒரு பெரிய கருவிக்கு ஆள் மூலம் அனுப்பினோம். மறுநாள் பதில் வந்தது. பானகத்தில் காரீயம் சொல்லும்படி இல்லை. செம்புதான் ஏகத்துக்கு. பாயின் கட்டி சுத்தமான வெள்ளீயம். தேன்மொழி நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை, எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஈயம் ஜாஸ்தி என்று கிளம்பிய விஷயம், ஈயம் போதவில்லை என்று வந்து முடிந்திருந்தது.

சொன்னபடி முதலில் பாயின் கடைக்குப் போனேன். அவருடைய இரண்டு போன்களும் மேசை மேல் சும்மா கிடந்தன. ஒரு மண்டபமும் இரண்டு பந்தல்களும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் சேதியைச் சொன்னதும் அவர் துள்ளிக் குதிக்கவில்லை. "கெட்ட சேதி ஊரெல்லாம் போயிடுச்சு மேடம். இந்த நல்ல சேதிய நீங்க எனக்குச் சொல்லி இன்னா ஆவப் போவுது? எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே" என்றார்.

கோதண்டமும் அன்றைக்கே அங்கே வந்தார். அண்டாவுக்கு மறுபடி பூச வேண்டும், கிரிவலப் பாதையிலேயே வைத்து எல்லோரும் பார்க்கப் பூசுங்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பாய்க்குச் சுருக்கென்றது. "நான் இன்னா வித்தை காட்டறவனா? வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தேன்மொழி அறிக்கையை உட்கார்ந்து புதிதாகத் தமிழில் எழுதினாள். வழக்கமான அச்சுப் படிவத்தை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு உலோகத்தையும் முழுப் பெயரோடு எழுதினாள். பானகத்தில் காரீயம் இல்லை. செம்பு இருந்தது. அண்டாவின் உள்ளே பூசியிருந்த வெள்ளீயம் கம்பி நாரால் தேய்ந்து போனதே காரணம். மீண்டும் வெள்ளீயம் பூசிய பிறகு பயன்படுத்தலாம். அவ்வளவுதான். நீங்கள் எழுதும் அறிக்கைகளும் இப்படி ஒரு பந்தலில் சத்தமாகப் படிக்கும்படி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் கோதண்டம் அதைத்தான் செய்தார். அன்று பாயின் பெயரைச் சொன்ன அதே மைக்கில், ஜனங்கள் கூடியிருந்த ஒரு மாலையில், வரி வரியாகப் படித்தார். படித்துவிட்டு, "ஈயம்னு காதுல விழுந்ததும் பாய் பேர நான்தான் சொன்னேன். மெஷின் சொல்லல, மேடம் சொல்லல. நான் சொன்னேன். தப்பு என்னுது" என்றார். யாரோ அதையும் போனில் பிடித்து, முன்பு அந்தச் செய்தி போன வழியிலெல்லாம் அனுப்பினார்கள். அப்படி நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஜனங்களைப் பற்றி நான் கொஞ்சம் கம்மியாகவே நினைத்திருந்தேன்.

தீபத்துக்கு முந்திய நாள் பாயே அடுப்பையும் சாமானையும் பைக்கில் கட்டிக்கொண்டு பந்தலுக்கு வந்தார். பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து பூசினார். இரண்டு முறை போன் அடித்தது, எடுத்து, "அடி அண்ணாமலைல இருக்கேன், முடிச்சுட்டு வர்றேன்" என்று சொன்னார். மறுநாள் என்னையும் தேன்மொழியையும் கோதண்டம் வரச் சொல்லியிருந்தார். அண்டா நிறையப் பானகம். கோதண்டம் முதல் டம்ளரை மொண்டு பாயிடம் நீட்டினார்.

பாய் வாங்கவில்லை. தேன்மொழி பக்கம் திரும்பினார். "மெஷின் கொண்டாந்திருக்கியாம்மா?"

"கொண்டாந்திருக்கேன் பாய்."

"அப்ப வெச்சுப் பாரு."

கோதண்டம் பதறிவிட்டார். "இன்னும் கோவமா பாய்? நீங்க பூசினதுதான?"

"நான் பூசினதுதான். அதனாலதான் பாக்கச் சொல்றேன்."

தேன்மொழி முதலில் செம்புக்குப் பார்த்தாள், பிறகு மெம்பரேனை இறக்கினாள். எண் ஆடி அடங்கும்வரை வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவள் நிமிர்ந்து, "ஒண்ணும் இல்லைங்க பாய்" என்றாள்.

"எது இல்ல? பேரச் சொல்லு."

"காரீயம் இல்லைங்க. செம்பும் இல்லைங்க."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லும்மா" என்றார் பாய். அவள் சொன்னாள். அதன் பிறகுதான் அவர் கோதண்டத்தின் கையிலிருந்து டம்ளரை வாங்கினார்.